தோற்றம்: பத்துக்கு

படிவத்தில் ஆறு கட்டங்கள்.
பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு ஐம்பது,
அதைக் கணினியே போட்டுவிடும்.
மிச்ச ஐம்பதுக்குத்தான் நாங்கள் மூவர்:
முதல்வர், தாளாளரின் மருமகன்,
வேதியியலில் இருந்து நான்.
தொடர்புத் திறன், தன்னம்பிக்கை, ஆர்வம்,
தலைமைப் பண்பு, தோற்றம்.
ஒவ்வொன்றுக்கும் பத்து.

தர்மபுரியில் ஜூன்.
பைபாஸில் மாங்காய் லாரிகள் போனால்
குளிரூட்டிய அறைக்குள்ளும் புளித்த வாடை.
தட்டில் முறுக்கு. யாரும் தொடவில்லை,
கடித்தால் சத்தம் கேட்கும் என்று.

ஓசூர்ப் பையன் ஒருவன் வந்தான்.
எழுபது விநாடியில்
பலமும் பலவீனமும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தான்.
பலவீனம், அளவுக்கு மீறி உழைப்பதாம்.
மருமகன் வரிசையாக ஒன்பது போட்டார்.
நான் எட்டு.
குறை சொல்வதற்கில்லை, நல்ல பையன்தான்.

அடுத்து மாதேஸ்வரி.
வேதியியலில் தொண்ணூற்று மூன்று.
ஊர்ப் பெயரை விரல்களுக்குள்ளேயே சொன்னாள்.
பென்னாகரம் ரோடு என்பது மட்டும் வெளியே வந்தது.
"கையை எடுத்துட்டுப் பேசும்மா."
எடுத்தாள். பேசவில்லை.
பேசினாள். கை திரும்பிவிட்டது.
தன்னம்பிக்கை: இரண்டு
என்று பக்கத்துப் பேனா எழுதியது.

எனக்குத் தெரியும் அந்தக் கை.
பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாவற்றிலும்
நான் உதட்டை மூடித்தான் நிற்பேன்.
முதல் சம்பளத்தில் சேலம் போய்
மேலே ஆறு பல்லுக்கு உறை போட்டுக்கொண்டேன்.
அதன் பிறகுதான் இந்த வேலைக்கு நேர்காணல்.
'இனிய தோற்றம்' என்று எழுதியிருந்தார்கள்,
கோப்பில் இன்னும் இருக்கிறது.

"உங்க வீட்ல என்ன தண்ணி?" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தாள்.
"போர் தண்ணி மேடம்.
இப்ப ஒகேனக்கல் தண்ணி வருது, நாள் விட்டு நாள்.
நான் சின்னதா இருந்தப்ப போர்தான்.
எங்கம்மா நல்லாக் காய்ச்சிக் குடுக்கும்.
பக்கத்து வீட்ல காய்ச்ச மாட்டாங்க, விறகு செலவுன்னு.
அவங்க பசங்க பல்லு எங்க பல்லு அளவுக்கு இல்ல.
ஏன்னு ரொம்ப நாளாப் புரியல.
அப்புறம் புரிஞ்சுது.
தண்ணிதான் ஆவியாப் போவுது மேடம், ஃபுளோரைடு போவாது.
சட்டியில அப்படியே நிக்கும்.
காய்ச்சக் காய்ச்சக் கூடும்."

கை மடியில் கிடந்தது.
பழுப்புக் கோடுகள் ஓடிய பற்கள் முழுதும் தெரிய
அவள் சொல்லிக்கொண்டே போனாள்.
"அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

முதல்வர் கடிகாரம் பார்த்தார்.
மருமகன் கேட்டார்:
"ஹாபி என்னம்மா?"

தொடர்புத் திறனுக்கு நான் பத்து போட்டேன்.
முதல்வர் நான்கு. அவர் இரண்டு.
கூட்டி மூன்றால் வகுத்தால் ஐந்து புள்ளி மூன்று மூன்று,
அந்த மூன்று முடியவே முடியாது.
நாற்பது இடம். அவள் நாற்பத்து மூன்றாவது.
பட்டியலில் நானும் கையெழுத்திட்டேன்.

ஆனால் அது நான்கு நாள் கழித்து.
அன்றைக்கு இடைவேளையில் வெளியே வந்தேன்.
வராந்தாவில் ஆர்.ஓ. மெஷின் முன்னால்
அவள் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தாள்.
அவள் அம்மா துணிக்கடைப் பையிலிருந்து
இன்னொரு காலி பாட்டில் எடுத்து நீட்டினார்,
என்னைக் கண்டதும் பாதி மறைத்தார்.
"பிடிங்க, பரவாயில்ல."

மாதேஸ்வரி குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்,
கையில் பாட்டில், வாய்க்கு முன்னால் ஒன்றுமில்லை:
"மேடம், இதுல எவ்ளோ இருக்கும்?"

பதினோரு வருடமாகக் குடிக்கிறேன்.
மாடியில் என் ஆய்வுக்கூடம்.
நாக்கு உறைப் பல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது.
தெரியவில்லை என்றேன்.